குறிப்பேட்டில் விட்ட இடம்

பொன்விழா மலருக்காகச் சங்கத்தின் பழைய ஏடுகளை எடுத்துத் தூசி தட்டியபோது, 1946ஆம் ஆண்டு நடவடிக்கைக் குறிப்பேட்டின் ஒரு பக்கத்தில் வந்து நின்றுவிட்டோம். கூட்டம் கிராஅத்துடன் தொடங்கியது என்று எழுதியிருக்கிறது. அடுத்த வரி, "யுத்தத்தில் மௌத்தான நம் சகோதரர்களுக்காக ஃபாத்திஹா ஓதி துஆச் செய்யப்பட்டது" என்பது. அதற்குக் கீழே ஏழெட்டு வரிக்கு இடம் விட்டிருக்கிறது. பெயர்களை எழுதத்தான் விட்டிருக்க வேண்டும். யாரும் எழுதவில்லை.

அதே ஏட்டில் பெட்ரோமாக்ஸ் விளக்கு வாங்கிய கணக்கு காசு தவறாமல் இருக்கிறது. பாய் வாங்க ஒரு வெள்ளி கொடுத்தவரின் பெயர், தகப்பனார் பெயர், ஊர்ப்பெயர் எல்லாம் இருக்கின்றன. உயிரைக் கொடுத்தவர்களின் பெயர்தான் இல்லை. மலர்க்குழுவில் இருந்த இளையவர்கள், எழுத மறந்திருப்பார்கள் என்றார்கள். அந்தக் காலத்தை நேரில் கண்ட பெரியவர் ஒருவர் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "மறக்கவில்லை தம்பி, பயந்தோம்" என்றார்.

என்ன பயம், யாரிடம் பயம் என்று விசாரிக்கப் புகுந்ததில் பிறந்தது இந்தக் கட்டுரை.

சிங்கப்பூர் 1942 பிப்ரவரி 15ஆம் நாள் ஜப்பானியரிடம் சரணடைந்தது. இரண்டே நாளில், 17ஆம் தேதி, இந்தியச் சிப்பாய்கள் சுமார் 45,000 பேர் ஃபேரர் பார்க் திடலில் திரட்டப்பட்டு ஜப்பானிய அதிகாரி ஃபுஜிவாராவிடம் ஒப்படைக்கப்பட்டனர். இந்தப் பட்டாளத்தில் பஞ்சாபி, பலூச்சி, பட்டாணிய முஸ்லிம்கள் ஏராளம். நம் தமிழ் முஸ்லிம்களும் இருந்தார்கள். துப்பாக்கி பிடித்தவர்களாக இருந்தவர்கள் சிலரே. தையல்காரர், சமையல்காரர், லாரி ஓட்டி, கிட்டங்கிக் கணக்கர் என்று பட்டாளத்தோடு ஒட்டிப் பிழைத்தவர்களே அதிகம் என்று நம் பெரியவர்கள் சொல்கிறார்கள்.

கேப்டன் மோகன் சிங் தலைமையில் இந்திய தேசிய இராணுவம் உருவாகும் என்ற அறிவிப்பு அந்தத் திடலிலேயே வந்தது. சேர்வதா, வேண்டாமா என்ற கேள்வி ஒவ்வொரு கூடாரத்துக்குள்ளும் நுழைந்தது. சேர்ந்தவர்களுக்கு நாட்டு விடுதலை ஒரு நியாயம். சேராதவர்களுக்கும் ஒரு நியாயம் இருந்தது. குர்ஆனைத் தொட்டுச் செய்த சத்தியத்தை முறிப்பதா என்று தயங்கிய முஸ்லிம் சிப்பாய்கள் பலர். அப்படித் தயங்கியவர்களில் ஆயிரக்கணக்கானோரை ஜப்பானியர் கப்பலில் ஏற்றி நியூ கினி, நியூ பிரிட்டன் தீவுகளுக்குக் கூலிவேலைக்கு அனுப்பினார்கள். போனவர்களில் பெரும்பகுதியினர் பசியாலும் நோயாலும் அடியாலும் அங்கேயே முடிந்துபோனார்கள். இவர்களைப் பற்றி நம் மேடைகளில் யாரும் பேசுவதில்லை. இவர்களும் நம் பிள்ளைகளே என்பதை இந்த இடத்திலேயே சொல்லி வைக்கிறோம். கட்டுரையின் முடிவில் இது மறுபடி வரும்.

முதல் படை அந்த ஆண்டு இறுதியிலேயே ஜப்பானியரோடு மனக்கசப்பாகிக் கலைந்தது. 1943 ஜூலை 2ஆம் தேதி நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூர் வந்திறங்கியபின் நிலைமை மாறியது. 4ஆம் தேதி கேத்தே அரங்கில் இந்தியச் சுதந்திரக் கழகத்தின் தலைமையை ராஷ் பிஹாரி போஸிடமிருந்து ஏற்றார். 5ஆம் தேதி பாடாங் திடலில் படையைப் பார்வையிட்டார். அதுவரை போர்க்கைதிகளின் படையாக இருந்தது பொதுமக்களின் படையானது அதன் பிறகுதான். அவர் பேசியது இந்துஸ்தானியில். பக்கத்தில் நின்று ஒருவர் தமிழில் சொல்லச் சொல்லக் கூட்டம் கேட்டது. தோட்டத்துப் பால்வெட்டுக்காரர், ரயில்வே தொழிலாளி, கடைச் சிப்பந்தி என்று மலாயாத் தமிழர்கள் பல்லாயிரம் பேர் சேர்ந்தார்கள்.

நம்மவர்கள் ஏன் சேர்ந்தார்கள் என்பதை மலர் என்பதற்காகப் பூசி மெழுகிச் சொல்ல விரும்பவில்லை. நாட்டுப்பற்று உண்டு, ஐயமில்லை. கிலாபத் இயக்கக் காலத்தில் ஊரில் கதர் உடுத்திய தகப்பன்மாரின் பிள்ளைகள் அவர்களில் இருந்தார்கள். வயிறும் ஒரு காரணம். அப்போது ஊருக்குக் கப்பல் இல்லை, மணியார்டர் இல்லை, கடிதமும் இல்லை. மார்க்கெட் ஸ்திரீட்டிலும் சிராங்கூன் சாலையிலும் கடைகள் சரக்கின்றிக் காய்ந்து கிடந்தன. முதலாளியே மரவள்ளிக்கிழங்கு தின்னும்போது சிப்பந்திக்கு எங்கிருந்து சோறு போடுவார்? வாழைமரம் போட்ட ஜப்பான் நோட்டு மூட்டையாக இருந்தாலும் அரிசி படிக்கணக்கில்தான் கிடைத்தது. அதைவிடப் பெரிய பயம் சயாம் ரயில்பாதை. தெருவில் திரியும் ஆண்பிள்ளையைப் பிடித்து அங்கே அனுப்பிவிடுவார்கள். காக்கிச் சட்டை போட்டவனைப் பிடிக்கமாட்டார்கள் என்ற நம்பிக்கையில் சேர்ந்தவர்கள் உண்டு. சேர்ந்த காரணம் எதுவானாலும், பர்மாவில் விழுந்த குண்டு காரணம் கேட்டு விழவில்லை.

பணம் கொடுத்தவர்கள் விஷயமும் இப்படித்தான். நம் வணிகர்களில் மனமுவந்து கொடுத்தவர்கள் உண்டு. கேட்ட விதத்துக்கு அஞ்சிக் கொடுத்தவர்களும் உண்டு. ஒரே கடையில் அண்ணன் முதல் வகை, தம்பி இரண்டாம் வகை என்று ஒரு குடும்பத்தார் எங்களிடம் சிரித்துக்கொண்டே சொன்னார்கள்.

படைக்குள் முஸ்லிம்களின் இடம் பெரிது. ஜெர்மனியிலிருந்து நீர்மூழ்கிக் கப்பலில் நேதாஜியுடன் வந்த ஆபித் ஹசன், முதலாம் டிவிஷனின் தளபதி ஜமான் கியானி, சுபாஷ் படைப்பிரிவை நடத்திய ஷா நவாஸ் கான், கடைசி விமானப் பயணத்தில் உடனிருந்த ஹபீபுர் ரஹ்மான் ஆகியோரைப் பலரும் அறிவார்கள். நம் இராமநாதபுரம் மாவட்டத்துக்காரரான ஜனாப் கரீம் கனி அவர்கள், 1943 அக்டோபர் 21ஆம் நாள் கேத்தே அரங்கில் பிரகடனம் செய்யப்பட்ட சுதந்திர இந்தியத் தற்காலிக அரசின் ஆலோசகர்களில் ஒருவராக இருந்தார். இதை நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அறிவார்கள் என்பது சந்தேகமே.

படையில் ஒரே அடுப்பு, ஒரே பந்தி. பிரிட்டிஷ் பட்டாளத்தில் இந்துவுக்குத் தனிச் சமையல், முஸ்லிமுக்குத் தனிச் சமையல் என்றிருந்ததைப் பார்த்தவர்களுக்கு இது பெரிய மாற்றம். தேங்க் ரோடு செட்டியார் கோயிலுக்கு நேதாஜியை அழைத்தபோது, எல்லா மதத்தைச் சேர்ந்த தம் அதிகாரிகளையும் உள்ளே அனுமதித்தால்தான் வருவேன் என்று அவர் சொல்லிவிட்டதும், கோயிலார் அதற்கு இணங்கி, ஆபித் ஹசன் போன்ற முஸ்லிம் அதிகாரிகளோடு அவரை வரவேற்றதும் இந்த ஊரில் பலருக்கும் தெரிந்த செய்தி. கோயில் நிர்வாகத்தினர் அன்று காட்டிய பெருந்தன்மையையும் நன்றியோடு குறிப்பிட வேண்டும்.

1944 தொடக்கத்தில் படைகள் பர்மாவுக்கு நகர்ந்தன. போன வழி எது தெரியுமா? அதே சயாம் மரண ரயில்பாதைதான். எந்தப் பாதைக்குப் பிடித்துப் போய்விடுவார்களோ என்று பயந்து படையில் சேர்ந்தார்களோ, அந்தப் பாதையின் மேலேயே ரயிலேறிப் போனார்கள். அடியில் கிடந்த கட்டைகளைப் போட்டவர்கள் மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட நம் தமிழ்ச் சனங்கள். வண்டி மெதுவாகப் போன இடங்களில் சிலர் மௌனமாக யாசீன் ஓதினார்கள் என்று திரும்பி வந்த ஒருவர் சொன்னதாக அவர் மகன் எங்களிடம் சொன்னார்.

இம்பால் போரின் முழு வரலாற்றை இங்கே எழுதப் புகவில்லை. அதற்குப் புத்தகங்கள் இருக்கின்றன. 1944 ஏப்ரல் 14ஆம் நாள் மணிப்பூரின் மொய்ராங்கில் மூவர்ணக் கொடியை ஏற்றியவர் கர்னல் ஷௌகத் மாலிக். பலேல் பக்கம் போரிட்ட காந்தி படைப்பிரிவின் தளபதி இனாயத் கியானி. மழை பிடித்ததும் ஜூலையில் பின்வாங்க உத்தரவு வந்தது. குண்டுக்கு இரையானவர்களைவிட மலேரியாவுக்கும் சீதபேதிக்கும் பட்டினிக்கும் இரையானவர்கள் அதிகம். 1945 பிப்ரவரியில் பகான், நியாங்கூ பகுதியில் பிரிட்டிஷ் படை ஐராவதி ஆற்றைக் கடந்தபோது எதிரே நின்றது தில்லான் தலைமையிலான நேரு படைப்பிரிவு. மலாயாவில் சேர்ந்த தமிழ் இளைஞர்கள் அதில் நிறைய. கையில் இருந்த ஆயுதத்தைக் கொண்டு அந்தப் படையை எதிர்த்து நிற்க வழியே இல்லை.

அங்கே மௌத்தான நம்மவர்களுக்கு மையத்தைக் குளிப்பாட்டவும் கஃபனிடவும் யார் இருந்திருப்பார்கள்? உடுத்த உடுப்போடு மண்ணுக்குள் போனவர்களே மிகுதி. அதற்கும் வாய்க்காதவர்கள் எத்தனையோ பேர். இவர்களுக்கென்று ஒரு பெயர்ப் பட்டியலை எந்த அரசும் கல்லில் வெட்டி வைக்கவில்லை.

ஆனால் ஒரு கல் நட்டார்கள். நம் சங்கத்தின் கதை அந்தக் கல்லின் பக்கத்தில்தான் தொடங்குகிறது.

போர் தோற்றுக்கொண்டிருந்த நேரம். 1945 ஜூலை 8ஆம் நாள், எஸ்பிளனேடில், கன்னாட் டிரைவ் ஓரமாக, இந்திய தேசிய இராணுவத்தில் மடிந்தவர்களுக்கான நினைவுச் சின்னத்துக்கு நேதாஜி அடிக்கல் நாட்டினார். கட்டி முடிக்கும் பொறுப்பு கர்னல் ஸ்ட்ரேசி என்ற ஆங்கிலோ இந்திய அதிகாரியிடம் இருந்தது. பிரிட்டிஷார் திரும்புவதற்குள் முடிய வேண்டும் என்று இராப்பகலாக வேலை நடந்தது. நேதாஜி ஆகஸ்ட் 16ஆம் தேதி சிங்கப்பூரை விட்டுக் கிளம்பினார், திரும்பவில்லை.

அந்தக் கல்லில் பொறித்திருந்தவை மூன்று சொற்கள்: இத்திஃபாக், இஃதிமாத், குர்பானி. ஒற்றுமை, நம்பிக்கை, தியாகம். இந்துஸ்தானி தெரியாத தமிழர்கள் அதைப் பிறரிடம் கேட்டுத்தான் பொருள் தெரிந்துகொண்டார்கள். நம்மவர்களுக்கு அந்தச் சிரமம் இல்லை. 'இத்திஃபாக்' ஜமாஅத்துக் கூட்டத்தில் காதில் விழும் சொல். 'குர்பானி' ஹஜ்ஜுப் பெருநாள் தோறும் வீட்டில் சிறு பிள்ளையும் சொல்லும் சொல். ஆட்டை அறுக்கும்போது சொல்லுகிற வார்த்தையைக் கல்லில் பார்த்ததும் உள்ளே என்னவோ செய்தது என்று ஒரு முதியவர் சொன்னார். அதற்கு மேல் அவருக்கு விவரிக்கத் தெரியவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

பிரிட்டிஷார் செப்டம்பர் 5ஆம் தேதி திரும்பினார்கள். மவுண்ட்பேட்டன் பிரபுவின் உத்தரவின்பேரில் அந்தச் சின்னம் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. செப்டம்பர் 12ஆம் தேதி அங்கிருந்து கூப்பிடு தூரத்தில், பாடாங்கை நோக்கிய நகராண்மைக் கட்டடத்தில், ஜப்பானியர் அவரிடம் முறைப்படி சரணடைந்தார்கள். அதே எஸ்பிளனேடில் முதல் உலகப் போரில் மடிந்தவர்களுக்கான செனொடாஃப் அசையாமல் நின்றது. 1922இல் வேல்ஸ் இளவரசர் திறந்துவைத்த அந்தச் சின்னத்தில் 124 பெயர்கள் வரிசையாக இருக்கின்றன. அவர்களும் தாய்மார் பெற்ற பிள்ளைகளே, அதில் நமக்கு ஒரு குறையும் இல்லை. ஒரே புல்வெளியில் ஒரு கல் நிற்கிறது, ஒரு கல் தூளாகிறது. அதைப் பார்த்துக்கொண்டு வேலைக்குப் போன மனிதர்கள் என்ன பாடம் கற்றிருப்பார்கள்? பெயரை எழுதி வைத்தால் ஆபத்து என்ற பாடத்தைத்தான்.

பெரியவர் சொன்ன பயம் இதுதான். பிடிபட்ட படைவீரர்களை வெள்ளை, சாம்பல், கறுப்பு என்று பிரித்து விசாரித்துக்கொண்டிருந்த நேரம் அது. சுதந்திரக் கழகத்தின் கிளைகளை நடத்தியவர்கள் ஜப்பானியருக்கு உடந்தை என்று கைதானார்கள். டெல்லிச் செங்கோட்டை வழக்கில் ஷா நவாஸ், சேகல், தில்லான் மூவரும் 1946 ஜனவரித் தொடக்கத்தில் விடுதலையானார்கள் என்ற செய்தி வந்தும் இங்கே நெஞ்சிடி நிற்கவில்லை. மார்ச் மாதம் ஜவஹர்லால் நேரு சிங்கப்பூர் வந்தார். தகர்க்கப்பட்ட இடத்தில் மலர்வளையம் வைக்க வேண்டாம் என்று மவுண்ட்பேட்டன் அவரைக் கேட்டுக்கொண்டார். இந்தியாவின் தலைவருக்கே அந்த நிலை என்றால், பாய் வாங்க வீடு வீடாக வெள்ளி தண்டிக்கொண்டிருந்த நம் சங்கத்தின் செயலாளர் எந்தத் துணிச்சலில் பெயர்களை எழுதுவார்? சங்கத்தைப் பதிவு செய்ய வேண்டும், குறிப்பேட்டை அதிகாரி கேட்டால் காட்ட வேண்டும். இறந்தவனின் பெயர் இருந்தால், உயிரோடிருக்கும் அவன் தம்பியைத் தேடி வரலாம்.

1948இல் மலாயாவில் அவசரகாலம் வந்தது. 1950 டிசம்பரில் நத்ரா வழக்கையொட்டிச் சிங்கப்பூரில் கலவரம் நடந்தது. போருக்குப்பின் இங்கே பத்திரிகை நடத்திவந்த கரீம் கனி அவர்களும் கைதானார். அத்தோடு முஸ்லிம் சங்கங்கள் அரசியல் வாடை அடிக்கும் எதையும் தொடாமல் ஒதுங்கிக்கொண்டன. நம் சங்கமும் அப்படியே. விட்ட இடம் விட்டபடி இருந்தது.

எழுத்தில்தான் அந்த மௌனம். உள்ளுக்குள் நடந்தது வேறு.

போரில் காணாமல் போனவரின் மனைவி ஊரில் என்ன செய்வாள் என்பது அந்த நாளில் பெரிய கேள்வியாக எழுந்தது. மரணச் செய்தி உறுதியாக வந்தால்தான் இத்தா இருக்க முடியும். செய்தியே வராதவளுக்கு? காணாமல் போனவனை 'மஃப்கூத்' என்கிறது ஷரீஅத். பழைய ஹனஃபி சட்டப்படி கணவனின் வயதொத்தவர்கள் எல்லாம் இறந்துபோகும் காலம்வரை அவள் காத்திருக்க வேண்டும். இந்தியாவில் 1939இல் வந்த முஸ்லிம் திருமண ரத்துச் சட்டம் அதை நான்கு ஆண்டாகக் குறைத்து, கோர்ட்டுக்குப் போக வழி செய்திருந்தது. வழி இருந்தாலும் போனவர்கள் சிலரே. 'அவுக வந்துட்டா?' என்ற ஒரு கேள்வியில் ஆயுள் முழுதும் கருகமணியைக் கழற்றாமல் இருந்துவிட்ட பெண்கள் நம் ஊர்களில் உண்டு. ரங்கூனிலிருந்து, பினாங்கிலிருந்து கப்பல் வருகிறது என்றால் நாகப்பட்டினத்துக்கு ஆள் அனுப்பிப் பார்த்தவர்கள் உண்டு.

இங்கே சங்கத்திலோ வேறொரு கேள்வி. உடல் இல்லாதவருக்கு ஜனாஸாத் தொழுகை உண்டா? கீழக்கரை, காயல்பட்டினம், நாகூர் போன்ற கடற்கரை ஊர்க்காரர்கள் ஷாஃபி மத்ஹபினர். அவர்களுக்கு 'காயிப் ஜனாஸா' தொழலாம். உள்நாட்டு இராவுத்தர்மார் ஹனஃபிகள். அவர்களிடம் அந்த வழக்கம் இல்லை. சங்கத்தில் இரு தரப்பாரும் சரிபாதி. தொழுதால் ஒரு பாதி விலகி நிற்கும். தொழாவிட்டால் மறுபாதி மனம் நோகும். தவிர, உயிரோடு இருக்கக்கூடும் என்று வீட்டார் நம்பிக்கொண்டிருக்கும் ஒருவருக்கு ஜனாஸாத் தொழுவது எப்படி? அன்றைய பெரியவர்கள் கண்ட வழி இது: பராஅத் இரவன்று மூன்று யாசீன் ஓதியபின், நான்காவதாக ஒரு யாசீன். இன்னாருக்கு என்று வாய்விட்டுச் சொல்வதில்லை. ஓதி முடித்து ஹஜ்ரத் அவர்கள் துஆ கேட்கும்போது, "கப்ரு தெரியாதவர்களுக்கும்" என்று மட்டும் ஒரு வார்த்தை சேர்ப்பார். அந்த வார்த்தை வந்ததும் கூட்டத்தில் யார் யார் தலை குனிகிறது என்பதைப் பார்த்தே எந்த வீட்டில் பிள்ளை போயிற்று என்று தெரிந்துகொள்ளலாமாம்.

அந்த நான்காவது யாசீன் ஐம்பது ஆண்டுகளாக ஒரு வருடமும் தவறவில்லை. அதை நடத்தியவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டிய கடமை எங்களுக்கு உண்டு. யாசீன் கிதாபுகளைத் துணிப்பையில் சுமந்து வந்தவர்கள் துறைமுகத் தொழிலாளர்கள். நார்சாவுக்குச் சர்க்கரையும் பாலும் கடனாகக் கொடுத்துவிட்டுக் கடைசிவரை பில் அனுப்பாதது ஒரு தேநீர்க்கடை. ஓதும் இரவில் தங்கள் கூடத்தைத் திறந்துவிட்டவர்கள் எதிர்வீட்டுச் சீனக் குடும்பத்தார். மழை பெய்த ஆண்டுகளில் பாதிப் பேர் அங்கேதான் உட்கார்ந்து ஓதினார்கள். அடுக்குமாடி வீடுகளுக்கு எல்லாரும் சிதறிப் போனபின் வட்டாரம் வட்டாரமாகத் தொலைபேசியில் அழைத்து நினைவூட்டியவர்கள் நம் மாதர் பகுதியினர். இவர்களில் ஒருவரும் மேடைக்கு வந்ததில்லை, பொன்னாடை போர்த்திக்கொண்டதில்லை. பெயர் போடட்டுமா என்று கேட்டதற்கும் வேண்டாம் என்றே சொன்னார்கள்.

1995இல், உலகப் போர் முடிந்த ஐம்பதாம் ஆண்டையொட்டி தேசிய மரபுடைமைக் கழகம் நாட்டின் போர்க்கால இடங்களுக்கு அடையாளப் பலகை நிறுவியது. எஸ்பிளனேடில் சின்னம் நின்ற இடத்துக்கும் ஒன்று கிடைத்தது. இந்தியச் சமூகத்தினர் அதற்கு நன்கொடை தந்தார்கள். திறந்த புத்தகம் போன்ற வடிவம். நாங்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை முதியவர்களை வேனில் ஏற்றிக்கொண்டு போனோம். முன்பு கடற்கரையாக இருந்த இடம். கடல் தள்ளிப் போய்விட்டது, சாத்தே கிளப்பையும் மூடிவிட்டார்கள். அடையாளமே தெரியவில்லை என்று அவர்கள் தடுமாறினார்கள். பலகையில் அந்த மூன்று சொற்களைக் கண்டதும் ஒருவர், இடம் இதுவே என்றார்.

அங்கிருந்து கிராஞ்சிக்குப் போனோம். இது முன்கூட்டித் திட்டமிட்டதல்ல. வேன் ஓட்டிய தம்பி தன் பாட்டனார் பெயர் அங்கே இருப்பதாகச் சொன்னதால் போனோம். 1957இல் திறக்கப்பட்ட அந்த நினைவகம் விமானத்தின் இறக்கை போன்ற கூரையும் தூண்களுமாக மேட்டில் நிற்கிறது. அதன் சுவர்களில் 24,000க்கும் அதிகமான பெயர்கள். கப்ரு தெரியாத படைவீரர்களின் பெயர்கள் அவை. பிரிட்டிஷ் இந்தியப் படையில் இருந்து மடிந்தவர்களும் அதில் அடக்கம். தேசிய இராணுவத்தில் இறந்தவர்களுக்கு அங்கே இடமில்லை. அப்துல், ஷேக், முஹம்மது, இப்ராஹீம் என்று விரலால் தொட்டுக்கொண்டே போனோம். தம்பியின் பாட்டனார் பட்டாளத்துச் சமையல்காரர். தேசிய இராணுவத்தில் சேர மறுத்துக் கப்பலேற்றப்பட்டவர். அவர் பெயர் கண்ணுக்கு எட்டும் உயரத்தில் இருந்தது. தைப்பிங்கிலும் இப்படி ஒரு போர்க் கல்லறை இருக்கிறது. சாலையின் ஒரு பக்கம் கிறிஸ்தவர்கள், மறுபக்கம் முஸ்லிம்களும் கூர்க்காக்களும் மற்றவர்களும். இந்தியப் படை முஸ்லிம்களுக்குக் காமன்வெல்த் கல்லறை ஆணையம் வைத்த நடுகற்களின் தலைப்பில் 'ஹுவல் கஃபூர்', அவனே மன்னிப்பவன், என்று அரபியில் வெட்டியிருக்கும். புல்லை வெட்டி, கல்லைக் கழுவி, ஓர் எழுத்து மங்காமல் அவர்கள் பராமரிக்கும் விதத்தைப் பார்க்கும்போது பொறாமையாகக்கூட இருக்கிறது. அங்கே தோட்ட வேலை பார்க்கும் தொழிலாளர்களுக்கும் எங்கள் நன்றி.

வேனில் திரும்பும்போது தம்பி ஒரு கேள்வி கேட்டார். பொன்விழா மலரில் பெயர்களை வெளியிடப் போகிறீர்களே, என் பாட்டனார் பெயரும் வருமா?

மலர்க்குழுவில் இந்தக் கேள்வி மூன்று கூட்டங்களைச் சாப்பிட்டது. நாட்டு விடுதலைக்காகப் போனவரையும் வெள்ளைக்காரன் சம்பளத்தில் இருந்தவரையும் ஒரே பட்டியலில் போடுவதா என்றார்கள் ஒரு சாரார். அவர்களின் வாதம் லேசானதல்ல. கல்லும் பெயரும் கிடைத்தவருக்கு இன்னொரு இடம் எதற்கு, கிடைக்காதவருக்கு அல்லவா இந்தப் பக்கம் என்றார்கள். மறு சாரார், நான்காவது யாசீனில் 'கப்ரு தெரியாதவர்கள்' என்று மட்டும்தானே கேட்கிறோம், எந்தப் படை என்று கேட்டோமா என்றார்கள். இரண்டு பட்டியலாகப் போடலாம் என்று ஒருவர் சொன்னபோது, அண்ணன் ஒரு படையிலும் தம்பி ஒரு படையிலும் போய் இருவரையும் இழந்த குடும்பத்தைச் சேர்ந்த மூதாட்டி, "எங்க வாப்பாவையும் சாச்சாவையும் எதுத்த எதுத்த பக்கத்துல போடாதீங்க" என்று சொல்லியனுப்பினார். கூட்டம் அத்தோடு முடிந்தது.

எனவே குடும்பத்தாரின் சம்மதத்தோடு வந்து சேர்ந்த பெயர்களை இம்மலரின் பின்னிணைப்பில் ஒரே பட்டியலாக, அகர வரிசையில் வெளியிட்டிருக்கிறோம். பெயர், தகப்பனார் பெயர், ஊர் இவ்வளவுதான். படை, பதவி எதுவும் போடவில்லை. மலர்க்குழு உறுப்பினர் இருவர் இதில் உடன்படவில்லை என்பதை அவர்கள் விருப்பப்படியே இங்கே பதிவு செய்கிறோம். 1946ஆம் ஆண்டுக் குறிப்பேட்டில் விட்ட இடத்தில் அப்பெயர்களை எழுதலாமா என்று கேட்டோம். பழைய ஏட்டில் கை வைக்கக் கூடாது என்று பெரியவர் தடுத்துவிட்டார். விடுபட்ட பெயர்கள் இருந்தால் அடுத்த பராஅத் இரவுக்கு முன் செயலாளரிடம் தெரிவிக்க வேண்டுகிறோம்.